ஒலிவாங்கி சொல்வது உண்மைதானா?

ஒரு விசைத்தறிக் கூடத்தில் இரண்டு மாணவர்கள் இரைச்சலை அளப்பதாக வைத்துக்கொள்வோம். இடமும் ஒன்று, நேரமும் ஒன்று. ஆனால் ஒருவருடைய கருவி 85 டெசிபெல் என்று காட்டுகிறது. மற்றவருடையது 91 டெசிபெல் என்று காட்டுகிறது. ஆறு டெசிபெல்தானே வித்தியாசம் என்று விட்டுவிடலாமா?

விட முடியாது. தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியாஷ் ஒரு பரிந்துரை செய்துள்ளது. அதன்படி 85 டெசிபெல் இரைச்சலில் ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வேலை செய்யலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். 88 டெசிபெல் என்றால் 4 மணி நேரம். 91 என்றால் 2 மணி நேரம். 94 என்றால் ஒரே ஒரு மணி நேரம்தான். ஆகவே, நம்முடைய இரு மாணவர்களில் ஒருவர் "எட்டு மணி நேரம் இருக்கலாம்" என்கிறார். மற்றவர் "இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள்" என்கிறார். நம் உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. எந்தக் கருவியை நம்புவது என்பது ஒரு மனிதருடைய காதைப் பற்றிய கேள்வி.

கருவியின் விடை பெரும்பாலும் அதன் முனையில் இருக்கும் ஒரு சிறு பொருளைப் பொறுத்தது. அதுதான் மைக் என்று நாம் அழைக்கும் ஒலிவாங்கி. மேடையில் இனிமையாகப் பாட உதவும் ஒலிவாங்கி அளப்பதற்கு உதவாமல் போகலாம். ஏன் என்று பார்ப்போம்.

எவ்வளவு சிறிய அழுத்தம்!

ஒலி என்பது காற்றழுத்தத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கம் என்று படித்திருப்பீர்கள். வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1,00,000 பாஸ்கல். சாதாரணமாகப் பேசும்போது இந்த அழுத்தத்தில் ஏற்படும் மாறுதல் சுமார் 0.02 பாஸ்கல்தான். நல்ல காதுக்குக் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியோ 20 மைக்ரோபாஸ்கல், அதாவது ஒரு பாஸ்கலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. இதையே 0 டெசிபெல் என்று வைத்திருக்கிறார்கள்.

அழுத்தம் பத்து மடங்கானால் 20 டெசிபெல் கூடும். இரு மடங்கானால் 6 டெசிபெல் கூடும். இந்தக் கணக்கின்படி பேச்சு 60 டெசிபெல். ஒரு பாஸ்கல் என்பது 94 டெசிபெல். 20 பாஸ்கல் என்பது 120 டெசிபெல். இந்த 94 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

0 முதல் 120 டெசிபெல் வரை அழுத்தம் பத்து லட்சம் மடங்கு பெருகுகிறது. இவ்வளவு பெரிய வீச்சில் ஒலியை உள்ளபடி மின்சாரமாக மாற்றுவதே ஒலிவாங்கியின் வேலை.

இருவகை ஒலிவாங்கிகள்

மேடைகளில் நாம் அதிகமாகக் காண்பது இயங்குசுருள் ஒலிவாங்கி. இதில் ஒரு மெல்லிய சவ்வும், அதில் ஒட்டிய கம்பிச் சுருளும், ஒரு காந்தமும் உள்ளன. ஒலி பட்டுச் சவ்வு அசையும்போது சுருளும் காந்தப் புலத்தில் அசைகிறது. மின்காந்தத் தூண்டலால் சுருளில் மின்னழுத்தம் உண்டாகிறது. ஃபாரடே விதியின் ஒரு பயன் இது. இத்தகைய மைக் உறுதியானது. கீழே விழுந்தாலும் எளிதில் கெடாது. ஆனால் சவ்வோடு சுருளின் எடையும் சேர்ந்து அசைய வேண்டியிருப்பதால், வேகமான அதிர்வுகளைப் பின்தொடர்வது கடினம்.

இரண்டாவது வகை மின்தேக்கி ஒலிவாங்கி. மிக மெல்லிய சவ்வு ஒன்று ஓர் உலோகத் தகட்டுக்கு மிக அருகில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரு மின்தேக்கி. ஒலி பட்டுச் சவ்வு அசைந்தால் இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் மின்தேக்குத்திறன் மாறும். அதனால் மின்னழுத்தமும் மாறும். இங்கே அசைய வேண்டியது எடை குறைந்த சவ்வு மட்டுமே. ஆகவே தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்த அதிர்வெண் வரை ஒரே சீராக வேலை செய்கிறது.

இதன் வரலாறு சுவையானது. இதை 1916-ஆம் ஆண்டு உருவாக்கியவர் அமெரிக்கத் தொலைபேசித் துறையில் பணியாற்றிய இ. சி. வென்ட். அவர் 1917-இல் 'பிசிக்கல் ரெவ்யூ' இதழில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, இது ஒலியின் செறிவை அளப்பதற்கான கருவி என்று சொன்னது. பிற்காலத்தில் பாடகர்களின் விருப்பத்துக்குரியதாக ஆன ஒலிவாங்கி, பிறந்தபோது ஓர் அளவுகோலாகவே பிறந்தது!

வென்டின் கருவிக்கு உயர்ந்த மின்னழுத்தம் தேவைப்பட்டது. 1962-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் இதற்கு வழி கண்டார்கள். மின்னூட்டத்தை நிலையாகத் தன்னுள் வைத்துக்கொள்ளும் எலெக்ட்ரெட் என்ற பிளாஸ்டிக் படலத்தைப் பயன்படுத்தினார்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், பட்டாணி அளவே உள்ள ஒலிவாங்கிகள் இந்த வகைதான்.

அருகில் போனால் மாறும் குரல்

ஒலிவாங்கிகளை இன்னொரு விதமாகவும் பிரிக்கலாம். சவ்வின் முன்பக்கம் மட்டும் ஒலிக்குத் திறந்திருந்தால், அது அந்த இடத்தின் அழுத்தத்தை மட்டும் உணரும். எந்தத் திசையிலிருந்து ஒலி வந்தாலும் அதற்கு ஒன்றுதான். இதை எல்லாத் திசை ஒலிவாங்கி என்பார்கள். சவ்வின் பின்பக்கத்துக்கும் ஒலி வர வழி வைத்தால், முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களின் வேறுபாட்டையும் அது உணரும். அப்போது முன்னால் வரும் ஒலியை நன்றாக ஏற்று, பின்னால் வருவதைத் தள்ளிவிடும்படி அமைக்கலாம். பாடகர் கையில் வைத்திருப்பது பெரும்பாலும் இந்த வகை. அது எத்திசையில் எவ்வளவு உணரும் என்று படம் வரைந்தால் இதயம் போல இருப்பதால், இதய வடிவ ஒலிவாங்கி என்று பெயர்.

இதய வடிவ மைக்கை வாயருகே கொண்டு போனால் குரல் கனத்து ஒலிப்பதை விழா மேடைகளில் கவனித்திருப்பீர்கள். இதற்கு அருகாமை விளைவு என்று பெயர். காரணத்தை ஒரு சிறு கணக்கால் அறியலாம்.

சவ்வின் முன்பக்கத்துக்கும் பின்வழிக்கும் 2 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 340 செ.மீ. அதற்கு முன்னால் 2 செ.மீ. மிகச் சிறியது. ஆகவே தொலைவிலிருந்து வரும் அலையில் இரு பக்க அழுத்தங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வேறுபாடு சுமார் 4 சதவீதம்தான். இந்தக் குறையை ஈடுகட்டி, தாழ்ந்த ஒலிகளும் போதுமான அளவில் வெளிவரும்படி மைக்கை வடிவமைத்திருப்பார்கள். இப்போது வாயை 5 செ.மீ. அருகில் கொண்டுவாருங்கள். முன்பக்கத்துக்குத் தூரம் 5 செ.மீ., பின்வழிக்கு 7 செ.மீ. ஒலியழுத்தம் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால் பின்னால் உள்ள அழுத்தம் முன்னால் உள்ளதில் ஏழில் ஐந்து பங்குதான். வேறுபாடு 4-லிருந்து 28 சதவீதத்துக்கு மேல் தாவிவிட்டது! தொலைவுக்கென்று செய்த ஈடு இப்போது அளவுக்கு மிஞ்சிவிடுகிறது.

சிறிய ஒலிமூலம் ஒன்றிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் உள்ள இதய வடிவ ஒலிவாங்கிக்குக் கோட்பாட்டின்படி கணக்கிட்டால், 100 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 15 டெசிபெல் மிகையாக வரும். 1000 ஹெர்ட்ஸ் ஒலி 1 டெசிபெல்தான் கூடும். அதே மைக்கை 50 செ.மீ. தள்ளி வைத்தால் 100 ஹெர்ட்ஸ் ஒலியின் மிகையும் 1 டெசிபெல்லாகக் குறைந்துவிடும்.

அழுத்தத்தை மட்டும் உணரும் எல்லாத் திசை ஒலிவாங்கிக்கு இந்தக் கோளாறு இல்லை. எனவே அருகிலிருந்து உள்ளதை உள்ளபடி பதிவு செய்ய வேண்டுமானால் முதல் விதி இதுதான்: எல்லாத் திசை ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். மிருதங்கத்தின் தோலில் உள்ள கரணை எனப்படும் கருப்புப் பூச்சினால் அதன் மேற்சுரங்கள் 1, 2, 3 என்ற எளிய விகிதங்களில் அமைகின்றன என்பதைச் சர் சி. வி. இராமன் 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். இன்று நீங்கள் ஒரு மிருதங்கத்தைப் பதிவு செய்து, ஒவ்வொரு சுரமும் எவ்வளவு வலிமை உடையது என்று கணினியில் பார்க்கலாம். ஆனால் இதய வடிவ மைக்கைத் தொப்பிப் பக்கத்துக்கு மிக அருகில் வைத்தால் அதன் தாழ்ந்த ஒலி வீங்கிவிடும். நீங்கள் காண்பது மிருதங்கத்தின் குணமா, மைக்கின் குணமா என்று பிரிக்க முடியாது.

சிறிதா, பெரிதா?

10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 செ.மீ. மைக்கின் விட்டமும் இந்த அளவை நெருங்கினால், ஒலி அதன் முகத்தில் மோதித் திரும்பி, அங்கே அழுத்தத்தைக் கூட்டிவிடும். அளக்கப் போன கருவியே அளவை மாற்றிவிடுகிறது! எனவே உயர்ந்த அதிர்வெண்களுக்குச் சிறிய ஒலிவாங்கி நல்லது.

ஆனால் சவ்வு சிறிதானால் அது தரும் மின்னழுத்தமும் குறையும். அளவீட்டுக்கென்றே செய்யப்படும் அரை அங்குல ஒலிவாங்கி ஒன்று ஒரு பாஸ்கலுக்குச் சுமார் 50 மில்லிவோல்ட் தரும். கால் அங்குல ஒலிவாங்கி 4 மில்லிவோல்ட் அளவே தரும். மெல்லிய ஒலிகளுக்குப் பெரியது. உரத்த, உயர்ந்த ஒலிகளுக்குச் சிறியது. இரண்டுக்கும் நடுவான அரை அங்குலமே பரவலாகப் பயன்படுகிறது.

அடித்தளமும் கூரையும்

முழு அமைதியிலும் ஒலிவாங்கியும் அதன் மின்சுற்றும் ஒரு மெல்லிய இரைச்சலைத் தாமே உண்டாக்கும். அது 30 டெசிபெல் அளவு என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டு 30 டெசிபெல் உள்ள ஓர் அமைதியான அறையை அளந்தால் கருவி 33 என்று காட்டும். ஏனெனில் இரு சம இரைச்சல்கள் சேர்ந்தால் 3 டெசிபெல் கூடும். அறை 20 டெசிபெல் ஆனாலும் கருவி 30-க்குக் கீழே இறங்காது. இது கருவியின் அடித்தளம்.

அதேபோல் ஒரு கூரையும் உண்டு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சவ்வோ மின்சுற்றோ ஒலியைப் பின்தொடர முடியாமல் அலையின் உச்சியை வெட்டிவிடும். பல கைப்பேசி ஒலிவாங்கிகளின் கூரை சுமார் 120 டெசிபெல். இந்தியாவில் 1999-இல் வந்த விதியின்படி, பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் அதன் ஒலி 125 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது. 130 டெசிபெல் வெடியைக் கைப்பேசியால் அளந்தால் என்ன ஆகும்? கருவி 120 அளவிலேயே நின்றுவிடும். விதியை மீறிய வெடியும் விதிக்கு உட்பட்டதாகத் தோன்றும்!

ஆகவே ஒலிவாங்கியை வாங்கும் முன் அதனுடன் வரும் விவரத்தாளில் அடித்தளம், கூரை இரண்டையும் பாருங்கள். நீங்கள் அளக்கப் போகும் ஒலி இரண்டுக்கும் இடையில், இருபுறமும் சுமார் 10 டெசிபெல் இடம் விட்டு இருக்க வேண்டும்.

காதுக்கேற்ற திருத்தம்

நம் காது தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகவே உணர்கிறது. அதற்கேற்ப இரைச்சல் அளவுகளில் 'ஏ' என்ற திருத்தத்தைச் சேர்ப்பார்கள். இது 100 ஹெர்ட்ஸ் ஒலியில் 19 டெசிபெல்லைக் கழித்துவிடும். 1000 ஹெர்ட்ஸில் எதையும் மாற்றாது. தொடக்கத்தில் சொன்ன 85 டெசிபெல் வரம்பு இந்தத் திருத்தம் சேர்ந்ததே. குடியிருப்புப் பகுதிகளுக்கு இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு இரைச்சல் விதிகள் வகுத்த பகல் 55, இரவு 45 டெசிபெல் என்ற வரம்புகளும் அப்படியே.

அப்படியானால் தாழ்ந்த ஒலியைக் குறைவாக வாங்கும் மைக்கே போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒலிவாங்கி எல்லா அதிர்வெண்களுக்கும் ஒரே நீதி வழங்க வேண்டும். திருத்தத்தைப் பிறகு மின்சுற்று துல்லியமாகச் செய்யும். மைக் தன் விருப்பப்படி குறைத்தால் எவ்வளவு குறைத்தது என்று நமக்குத் தெரியாது.

எண்ணுக்கு உயிர் கொடுக்கும் கருவி

எடைக்கல்லை முத்திரை இட்டுச் சரிபார்ப்பது போல ஒலிவாங்கியையும் சரிபார்க்க வேண்டும். அதற்கான சிறு கருவி ஒன்று உண்டு. அதன் துளையில் ஒலிவாங்கியைச் செருகினால் 1000 ஹெர்ட்ஸில் சரியாக 94 டெசிபெல் ஒலி எழுப்பும். முன்பு நினைவில் வைக்கச் சொன்ன எண் இதுதான். அதாவது ஒரு பாஸ்கல். ஒலிமட்டமானி அப்போது 94 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருத்திக்கொள்ள வேண்டும். முறையாக அளப்பவர்கள் வேலை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் இதைச் செய்கிறார்கள். இப்படிச் சரிபார்க்காத ஒலிவாங்கி எவ்வளவு உயர்ந்த விலையுடையதானாலும், "இது அதைவிட உரத்தது" என்று மட்டுமே சொல்லும். "இது இத்தனை டெசிபெல்" என்று சொல்லாது.

கைப்பேசியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேச்சு தெளிவாகக் கேட்பதற்காக, மெல்லிய ஒலியைப் பெருக்கியும் உரத்த ஒலியைக் குறைத்தும் அது தானே சரிசெய்துகொள்ளும். பேசுவதற்கு இது உதவி; அளப்பதற்கு இடையூறு. சில செயலிகள் இந்த வசதியை நிறுத்திவிட்டு அளக்கின்றன. ஒலிப்பதிவு செய்யும்போதும் இதை நிறுத்த முடியுமா என்று பாருங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் ஒலிவாங்கி நேர்மையானதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. திறந்த வெளியில் ஒலியழுத்தம் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும்.

1. ஆள் நடமாட்டமும் காற்றும் இல்லாத நேரத்தில் விளையாட்டுத் திடலுக்குச் செல்லுங்கள். சுவர்களிலிருந்து விலகி நில்லுங்கள்.

2. நிலையம் பிடிக்காத வானொலிப் பெட்டியின் 'உஸ்' என்ற ஒலி போல, ஒரே அளவில் தொடரும் ஒலி ஒன்றை ஸ்டூல் மீது வையுங்கள்.

3. அரை மீட்டர், 1, 2, 4 மீட்டர் தூரங்களில் அளவைக் குறியுங்கள். கருவியை உடலோடு ஒட்டிப் பிடிக்காமல் கையை நீட்டிப் பிடியுங்கள். உங்கள் உடலும் ஒலியைத் திருப்பி அனுப்பும்.

4. ஒலியை நிறுத்திவிட்டுச் சுற்றுப்புற அளவையும் குறியுங்கள். உங்கள் அளவுகள் இதைவிட 10 டெசிபெல்லாவது கூடுதலாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ 6 டெசிபெல் குறைந்தால் நல்லது. தரையின் எதிரொலிப்பால் சற்று முன்பின் ஆகலாம். அருகில் மட்டும் எண் உயர மறுத்தால் கருவி கூரையைத் தொட்டுவிட்டது. தொலைவில் மட்டும் எண் இறங்க மறுத்தால் அடித்தளத்தையோ சுற்றுப்புற இரைச்சலையோ தொட்டுவிட்டது. எங்குமே எண் அதிகம் மாறாவிட்டால் கருவி தானே ஒலியைக் கூட்டிக் குறைக்கிறது என்று பொருள்.

இந்தச் சோதனை ஏற்ற இறக்கம் சரியா என்று மட்டுமே சொல்லும். எண் சரியா என்று அறியச் சரிபார்த்த ஒலிமட்டமானி ஒன்றின் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அருகிலுள்ள கல்லூரி இயற்பியல் துறையில் கேட்டுப் பாருங்கள். வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு உங்கள் அளவுகளில் கூட்டியோ கழித்தோ கொள்ளலாம்.

தொகுத்துச் சொன்னால்: அருகிலிருந்து துல்லியமாகப் பதிவு செய்யவும் அளக்கவும் சிறிய, எல்லாத் திசை, மின்தேக்கி அல்லது எலெக்ட்ரெட் ஒலிவாங்கி வேண்டும். அதன் அடித்தளமும் கூரையும் தெரிந்திருக்க வேண்டும். அளப்பதானால் 94 டெசிபெல்லில் சரிபார்த்திருக்க வேண்டும். திறந்த வெளியில் காற்று மோதாமல் இருக்கப் பஞ்சு உறை போட வேண்டும். எந்த அளவை எழுதினாலும் எவ்வளவு தூரத்தில் அளந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். தூரம் இல்லாத டெசிபெல் முகவரி இல்லாத கடிதம் போன்றது.

சிந்தியுங்கள்

1. ஒலிமூலத்திலிருந்து 5 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டிய மைக் தவறுதலாக 6 செ.மீ. தூரத்தில் வைக்கப்பட்டது. 100 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டிய இன்னொன்று 101 செ.மீ. தூரத்தில் வைக்கப்பட்டது. எதில் பிழை அதிகம்?

2. ஒரு கூடத்தில் கருவி 88 டெசிபெல் காட்டியது. பிறகு சரிபார்க்கும் கருவியில் செருகியபோது 94-க்குப் பதில் 91 காட்டியது. அங்கே ஒருவர் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம்?

விடைகள்: 1. முதலாவதில். அங்கே பிழை சுமார் 1.6 டெசிபெல், இரண்டாவதில் 0.1 டெசிபெல்கூட இல்லை. 2. கருவி 3 டெசிபெல் குறைத்துக் காட்டுகிறது. உண்மையான இரைச்சல் 91 டெசிபெல். ஆகவே 4 மணி நேரம் அல்ல, 2 மணி நேரம் மட்டுமே.